இதழ்க் கோப்பிலிருந்து மதிப்பாய்வைக் கற்பது

ஆய்விதழுக்கு ஒரு கட்டுரை போகிறது. சில மாதங்கள் கழித்து ஏற்றதாகவோ, திருத்தச் சொல்லியோ, மறுத்தோ பதில் வருகிறது. இடையில் யார் படித்தார், எதைக் குறை சொன்னார், எழுதியவர் எதற்கு இணங்கினார், எதில் பிடிவாதமாக நின்றார் என்பதெல்லாம் வாசகர் கண்ணில் படுவதில்லை. அச்சான பக்கம் அந்தத் தடங்களைத் துடைத்துவிட்டே வெளிவருகிறது. முதலில் வந்த எழுத்துப்படி, மதிப்பாய்வாளரின் அறிக்கை, திருத்திய படி, இடையே ஓடிய கடிதங்கள் எல்லாம் இதழ் அலுவலகத்தின் அலமாரியில் ஒரே கோப்பாகச் சேர்ந்து கிடக்கின்றன.

அந்தக் கோப்பைத் திறந்து ஆராய முனைவர் பட்ட மாணவர்களையும் இளம் ஆசிரியர்களையும் பழக்க விரும்புவோருக்காக இந்த அத்தியாயம். பயிலரங்கு நடக்கும் இடம் புதுச்சேரி என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். இந்த வேலைக்கு அடிப்படையான ஒரு தொழில்திறன் இந்த ஊரில் ஏற்கெனவே இருக்கிறது.

வாசிப்பு முதலில், கணக்கு பிறகு

மதிப்பாய்வு பற்றிய ஆராய்ச்சி இன்று பெரும்பாலும் எண்களை வைத்தே நடக்கிறது. 1989இல் சிகாகோவில் முதல் பன்னாட்டு மதிப்பாய்வு மாநாடு கூடியதிலிருந்து மருத்துவ இதழ்கள் இத்துறையை வளர்த்துவந்திருக்கின்றன. 2021இல் ஃபிளமினியோ ஸ்குவாட்சோனியின் குழு 145 இதழ்களின் பதிவுகளை வைத்து, பெண்கள் எழுதிய கட்டுரைகளுக்கு மதிப்பாய்வில் பாகுபாடு நேர்கிறதா என்று பார்த்தது. அப்படி ஒழுங்கான பாகுபாடு தென்படவில்லை என்று கண்டது. பதிப்பகங்கள் தரவைத் தர இசைந்ததால்தான் அந்த ஆய்வு முடிந்தது. மதிக்கத்தக்க வேலை.

ஆனாலும் புதியவரை நேரே இதில் இறக்கிவிடக் கூடாது. இறக்கினால், ‘சிறு திருத்தம்’, ‘பெருந்திருத்தம்’ என்று டிக் அடித்த கட்டங்களை எண்ணிவிட்டு முடிவுரை எழுத உட்கார்ந்துவிடுவார். பெருந்திருத்தம் என்று குறித்த அறிக்கை உண்மையில் இரண்டு அட்டவணைகளை இடம் மாற்றச் சொன்னதோடு நின்றிருக்கலாம். சிறு திருத்தம் என்று குறித்த இன்னொன்று கட்டுரையின் மைய வாதத்தையே கைவிடச் சொல்லியிருக்கலாம். எழுத்துப்படியைப் பக்கத்தில் வைத்துப் படிக்காதவருக்கு இந்த வேறுபாடு தெரியாது. ஒரு கோப்பை முழுதாக, வரி வரியாக, படியோடு படி ஒத்துப்பார்த்துப் படித்த பிறகுதான் நூறு கோப்புகளை எண்ணும் தகுதி வருகிறது என்பது என் உறுதியான கருத்து. இந்தப் பயிலரங்குத் திட்டம் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது.

முதல் காலைப்பொழுது: சுவடிக்காரர்களிடம்

படிகளை ஒத்துப்பார்ப்பது புதுச்சேரிக்குப் பழகிய வேலை. 1954 நவம்பரில் பிரெஞ்சு ஆட்சி இந்தியாவுக்குக் கைமாறியது. மறு ஆண்டே ழான் ஃபிலியோசாவின் முயற்சியில் பிரெஞ்சு இன்ஸ்டிடியூட் இங்கே தொடங்கியது. செயின்ட் லூயி தெருவில் இருக்கும் அதன் சுவடித் தொகுப்பையும், தூமா தெருவில் இருக்கும் தூரக்கிழக்கு பிரெஞ்சு ஆய்வுப் பள்ளியின் சுவடிகளையும் சேர்த்து, ஏறத்தாழ 11,000 சைவச் சுவடிகளை யுனெஸ்கோ 2005இல் உலக நினைவுப் பதிவேட்டில் ஏற்றியது. என்.ஆர். பட் ஆகமங்களைப் பதிப்பித்ததும், தி.வே. கோபாலையரும் பிரான்சுவா குரோவும் 1984இல் தேவாரப் பதிப்பைத் தொடங்கி வெளியிட்டதும், ஏவா வில்டனின் நற்றிணைச் செம்பதிப்பு 2008இல் வந்ததும் இந்த இரண்டு நிறுவனங்களிலிருந்துதான். ஒரே ஒரு சுவடியைப் பார்த்துவிட்டு இதுதான் பாடம் என்று இங்கே யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆகவே முதல் நாள் காலையில் ஆய்விதழ் எதையும் திறக்க வேண்டாம். சுவடிப் பதிப்பில் தேர்ந்த ஒருவரை அழைத்து, நற்றிணைப் பதிப்பின் ஒரு பக்கத்தைப் பங்கேற்பாளர்களோடு சேர்ந்து படிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு சுவடிக்கும் குறியெழுத்து எப்படித் தரப்படுகிறது, பாடவேறுபாடு பக்கத்தின் அடியில் எப்படிப் பதிவாகிறது, எது எழுதுபவரின் கைத்தவறு, எது தெரிந்தே செய்த மாற்றம் என்று எப்படி எடைபோடுகிறார்கள் என்பதை அவர் காட்டட்டும். நேரம் இருந்தால் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பையும் சொல்லலாம். 1846இல் கலுவா மோம்பிரேன் அதைக் கண்டெடுத்துப் படியெடுக்க வழிசெய்தார். சென்னையில் 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு, படியைப் பார்த்து எழுதிய படியை வைத்துச் செய்தது. தன் கையில் இருப்பது எத்தனையாவது படி என்று கேட்கும் பழக்கம் இங்கிருந்து தொடங்கட்டும். இதழ்க் கோப்பில் ‘முதல் படி’ என்று எழுதியிருப்பது பெரும்பாலும் இதழுக்கு வந்த முதல் படி. அதற்கு முன்பே நெறியாளர் திருத்தியிருப்பார். இன்னொரு இதழ் மறுத்து அனுப்பியும் இருக்கலாம்.

ஒரு குழுவுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். புதுவைப் பல்கலைக்கழகத்திலிருந்தும் ஜிப்மரிலிருந்தும் மொழியியல் பண்பாட்டு ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்தும் கலந்து அழையுங்கள். மருத்துவ ஆய்வாளர் பக்கத்தில் தமிழ் ஆய்வாளர் உட்கார வேண்டும். ஒருவர் துறையில் இயல்பாகத் தோன்றுவது மற்றவருக்கு வியப்பாக இருக்கும். அந்த வியப்பிலிருந்துதான் கேள்விகள் வரும்.

ஒத்துப்பார்க்கும் பயிற்சி

தொடக்கத்துக்கு எந்த இதழிடமும் அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. சில இதழ்கள் தாமே கோப்பைத் திறந்து வைத்திருக்கின்றன. எம்போ ஜர்னல் 2009 முதல் மதிப்பாய்வு ஆவணங்களைக் கட்டுரையோடு வெளியிட்டுவருகிறது. கோப்பர்நிகஸ் பதிப்பகத்தின் வளிமண்டல அறிவியல் இதழில் முதல் படி, மதிப்பாய்வாளர் கருத்து, ஆசிரியர் மறுமொழி மூன்றும் இணையத்தில் கிடைக்கும். ஈலைஃப் இதழும் அப்படியே. துறை எதுவானாலும் பரவாயில்லை. கணிதக் குறியீடு குறைவாக உள்ள கட்டுரையாகத் தேர்ந்தெடுங்கள்.

முதல் படியையும் வெளிவந்த படியையும் தாளில் அச்சிட்டு இருவருக்கு ஒரு கோப்பு எனக் கொடுங்கள். கணினியின் ஒப்பீட்டு மென்பொருள் பிறகு வரட்டும். முதல் முறை கண்ணும் பென்சிலும்தான். மதிப்பாய்வாளர் கேட்டு நடந்த மாற்றத்துக்குச் சிவப்பு. யாரும் கேட்காமல் எழுதியவரே செய்த மாற்றத்துக்கு நீலம். கேட்டும் செய்யாமல் விட்டதற்குப் பச்சை. நீலம் இத்தனை அதிகமாக இருக்கும் என்று புதியவர்கள் எதிர்பார்ப்பதில்லை. ஆறு மாதம் கழித்துத் தன் கட்டுரையைத் தானே திரும்பப் படிப்பதாலேயே பல திருத்தங்கள் நடக்கின்றன. மதிப்பாய்வு கட்டுரையை மேம்படுத்தியது என்று எழுதுவதற்கு முன் இந்த நீலத்தைக் கழித்தாக வேண்டும்.

பச்சையில்தான் உழைப்பு தேவை. ஆசிரியரின் மறுமொழிக் கடிதத்தில் ‘திருத்தப்பட்டது’ என்று இருக்கும். படியில் தேடினால் ஒரு சொல் மட்டும் மாறியிருக்கும்; சில வேளை எதுவுமே மாறியிருக்காது. மறுமொழிக் கடிதத்தை மட்டும் படித்து ‘ஏற்றார்’ என்று குறித்தவர் இங்கே தவறிவிடுவார். ஆகவே குறிப்பேட்டில் ஏற்றார், பகுதி ஏற்றார், மறுத்தார் என்பவற்றோடு, ஏற்றதாகச் சொல்லி விட்டுவிட்டார் என்று ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும். அந்தக் கட்டம் இல்லாத ஆய்வு மதிப்பாய்வை ஆராயவில்லை. கடிதப் போக்குவரத்தைத்தான் ஆராய்கிறது.

இன்னொரு நிறமும் தேவைப்படும்: அச்சகமும் பணமும் செய்த மாற்றம். இதை விளக்க இராமானுஜனைப் போல் பொருத்தமானவர் இல்லை. 1911இல் இந்தியக் கணிதக் கழக இதழில் அவருடைய முதல் ஆய்வுக்கட்டுரை வந்தபோது, இதழாசிரியர் எம்.டி. நாராயணையங்கார் அதைப் பலமுறை திருப்பியனுப்பித் தெளிவாக்கச் சொன்னார். இராமானுஜனின் முறைகள் புதியவை. நடையோ மிகச் சுருக்கமானது. அங்கே நடந்தது மதிப்பாய்வு. 1915இல் லண்டன் கணிதக் கழகம் மிகுபகு எண்கள் பற்றிய நீண்ட கட்டுரையை வெளியிட்டபோது அதன் ஒரு பெரும்பகுதி அச்சேறவில்லை. கழகத்துக்கு அப்போது பண நெருக்கடி. செலவைக் குறைப்பதற்காக அந்தப் பகுதி விடப்பட்டது. விடுபட்டதை ழான்-லூயி நிக்கோலாவும் கி ரோபேனும் குறிப்புகளோடு 1997இல்தான் வெளியிட்டார்கள். 1915 அச்சுப்படியை மட்டும் பார்ப்பவர், மதிப்பாய்வாளர் வெட்டச் சொல்லியிருப்பார் என்று எளிதாக முடிவுகட்டுவார். கையெழுத்துப்படி இருந்ததால் வெட்டு தெரிந்தது. கழகத்தின் நிலை தெரிந்ததால் காரணமும் தெரிந்தது. பங்கேற்பாளர்களுக்கு இந்த இரண்டு கட்டுரைகளையும் அடுத்தடுத்துச் சொல்லுங்கள்.

பழைய காப்பகம் கற்றுத்தருவது

இரண்டாம் கட்டத்துக்கு லண்டன் ராயல் சொசைட்டியின் காப்பகம். அதன் பழைய எழுத்துப்படிகளும் மதிப்பாய்வு அறிக்கைகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. புதுச்சேரி லாசுப்பேட்டையில் உட்கார்ந்துகொண்டே படிக்கலாம். கையெழுத்தைப் படிப்பதுதான் முதல் தடை. சுவடி எழுத்துக்குப் பழகியதுபோல இதற்கும் இரண்டு நாளில் கண் பழகிவிடும்.

1832இல் ஜார்ஜ் ஏரியின் வானியல் கட்டுரைக்கு வில்லியம் ஹியூவெல், ஜான் லப்பக் இருவரும் அறிக்கை எழுத வேண்டியிருந்தது. அங்கே அமைப்பாக மதிப்பாய்வு தொடங்கிய காலம் அது. ஹியூவெல் கட்டுரையின் சிறப்பை ஊருக்கு எடுத்துச்சொல்ல விரும்பினார். லப்பக் கணக்கில் குறைகளைத் தேடினார். அறிக்கை யாருக்காக என்பதிலேயே இருவருக்கும் கருத்து ஒன்றவில்லை. இன்றைய அறிக்கைகளிலும் இந்த இரண்டு குரல்களைக் கேட்கலாம். ஒரு பத்தி இதழாசிரியரைப் பார்த்துப் பேசும், அடுத்தது எழுதியவரை. எந்த வரி யாரை நோக்கியது என்று ஓரத்தில் குறிக்கச் சொல்லும் பயிற்சியை இந்த இடத்தில் வையுங்கள். அரைமணி நேரப் பயிற்சிதான், ஆனால் அதன் பிறகு அவர்கள் அறிக்கையைப் படிக்கும் விதமே மாறிவிடும்.

அந்தக் காப்பகத்தின் தொகுப்பு வரிசையையும் விளக்க வேண்டும். அச்சான கட்டுரைகளின் எழுத்துப்படி ஒரு வரிசையில், மதிப்பாய்வு அறிக்கைகள் ஒரு வரிசையில், முழுமையாக அச்சேறாமல் காப்பகத்துக்கு அனுப்பப்பட்ட கட்டுரைகள் தனி வரிசையில். அந்த மூன்றாவது வரிசையில் ஒரு கட்டுரை இருந்தாலே அதன் தலைவிதி தெரிந்துவிடும். ஜகதீச சந்திர போஸ் 1901இல் மின் எதிர்வினை பற்றிய தம் ஆய்வை அங்கே எடுத்துரைத்தபோது உடலியங்கியல் அறிஞர் ஜான் பர்டன் சாண்டர்சன் கடுமையாக எதிர்த்தார். கட்டுரை முழுமையாக அச்சேறாமல் காப்பகத்துக்குப் போயிற்று. தாவர எதிர்வினை பற்றிய அவர் கட்டுரையை மறு ஆண்டு லின்னியன் சொசைட்டி வெளியிட்டது. ராயல் சொசைட்டியே 1920இல் அவரைத் தன் உறுப்பினராக்கியது. ஓர் இதழின் கோப்பை மட்டும் வைத்து ஒரு கட்டுரையின் கதையை முடிக்கக் கூடாது என்பதற்கு இது நல்ல சான்று. மறுக்கப்பட்ட கட்டுரை அடுத்து எங்கே போனது என்று தேடிப் பார்ப்பதும் ஆய்வின் பகுதிதான்.

பதிவேடு

கோப்பு தொலைந்திருக்கும்; பதிவேடு தப்பியிருக்கும். எந்தத் தேதியில் கட்டுரை வந்தது, யாருக்குப் போனது, எப்போது திரும்பியது என்று எழுதிவைத்த ஒரு பேரேடு எத்தனை பெரிய கேள்விக்கு விடை தரும் என்பதை ஐன்ஸ்டைன் கதை காட்டுகிறது. 1936இல் அவரும் நேதன் ரோசனும் ஈர்ப்பலைகள் இல்லை என்று முடிவுகூறும் கட்டுரையை ஃபிசிக்கல் ரிவ்யூவுக்கு அனுப்பினார்கள். இதழாசிரியர் ஜான் டேட் அதை மதிப்பாய்வுக்கு அனுப்பிக் குறைகளைச் சுட்டும் நீண்ட அறிக்கையோடு திருப்பினார். அச்சுக்குக் கொடுத்ததை முன்கூட்டியே வேறொருவரிடம் காட்டியது தவறென்று ஐன்ஸ்டைன் கோபித்துக் கட்டுரையைத் திரும்பப் பெற்றார். பிராங்க்ளின் இன்ஸ்டிடியூட் இதழில் 1937இல் அது வந்தபோது முடிவு தலைகீழாகத் திருந்தியிருந்தது. அந்த மதிப்பாய்வாளர் யார்? ஹோவர்ட் ராபர்ட்சன் என்பது இதழின் பதிவேட்டிலிருந்து உறுதியாயிற்று. டேனியல் கென்னஃபிக் 2005இல் அதை எழுதினார். அதே ராபர்ட்சன் பிரின்ஸ்டனில் ஐன்ஸ்டைனின் உதவியாளர் இன்ஃபெல்டிடம் பேசித்தான் பிழை திருந்த வழி பிறந்திருந்தது. பதிவேடு ஒரு பெயரைத் தந்தது. மற்றக் கடிதங்களோடு சேர்த்துப் படித்தபோதுதான் அந்தப் பெயருக்குப் பொருள் கிடைத்தது.

ஆகவே உள்ளூர் இதழ் ஒன்றை அணுகும்போது கோப்புகளுக்கு முன்னால் வருகைப் பதிவேட்டையும் தபால் பதிவேட்டையும் கேளுங்கள். ஹாரியட் சக்கர்மனும் ராபர்ட் மெர்ட்டனும் 1971இல் வெளியிட்ட முன்னோடி ஆய்வு, அதே ஃபிசிக்கல் ரிவ்யூவின் 1948–1956 ஆவணங்களை வைத்தே அமைந்தது.

உள்ளூர் அலமாரியைத் திறக்கும்போது

தமிழிலும் ஆங்கிலத்திலும் ஆய்விதழ் நடத்தும் சங்கங்களும் கல்லூரிகளும் நம்மைச் சுற்றி நிறைய. பல இடங்களில் கோப்பு ‘பழைய பேப்பர்’ என்று எடைக்குப் போய்விட்டது. மிஞ்சியிருப்பதைக் காப்பாற்றும் அவசரமும் இந்தப் பயிற்சிக்குள் அடங்கும். இதழாசிரியருக்கு எழுதும் கடிதத்தில், என்ன காலத்துக் கோப்பு, யார் பார்ப்பார்கள், எதை வெளியிடுவோம், எதை வெளியிடமாட்டோம் என்பது ஒரே பக்கத்தில் தெளிவாக இருக்கட்டும். கோப்பு அலுவலகத்தை விட்டு வெளியே போகாது என்ற உறுதியைத் தாருங்கள். பல கதவுகள் அந்த ஒரு வரிக்காகவே திறக்கும்.

கடற்கரை ஊரின் ஈரம் தாளைச் சும்மா விடாது. குண்டூசியும் ஸ்டேப்பிளும் துருவேறி எழுத்தைத் தின்றிருக்கும். வெட்டி எடுக்க வேண்டும், இழுக்கக் கூடாது. கார்பன் படியில் விரல் பட்டால் மை போய்விடும். பழைய ஃபேக்ஸ் தாள்கள் வெளுத்துக்கொண்டேயிருப்பதால் அவற்றை முதல் நாளே படமெடுங்கள். கோப்பின் உள் வரிசையை மாற்றாதீர்கள். எந்தக் கடிதத்தின் பின்னால் எது செருகியிருக்கிறது என்பதே சில வேளை ஒரே சான்றாக நிற்கும். 2000க்குப் பிறகு தாள் மெலிந்துகொண்டே வந்து இதழாசிரியரின் மின்னஞ்சல் பெட்டிக்குள் போய்விடும். அவர் பதவி விலகியபோது அந்தப் பெட்டி என்னவாயிற்று என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

மறுக்கப்பட்ட கட்டுரைகள் பெரும்பாலும் இருக்காது. அச்சானவற்றின் கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு இந்த இதழ் கண்டிப்பானது, தாராளமானது என்று எழுத இடமில்லை. பதிவேட்டில் வந்தவை எத்தனை, கோப்பு கிடைத்தவை எத்தனை என்ற இரண்டு எண்களையும் ஆய்வின் முதல் பக்கத்திலேயே தர வேண்டும்.

பெயர்கள்

இந்தப் பகுதியில் எந்தச் சமரசமும் வேண்டாம். மதிப்பாய்வாளர்கள் தம் பெயர் வெளியே வராது என்ற நம்பிக்கையில் எழுதினார்கள். ராயல் சொசைட்டியின் நூற்றாண்டு கடந்த அறிக்கைக்கும், இன்று பணியில் இருக்கும் பேராசிரியர் 1995இல் எழுதிய அறிக்கைக்கும் ஒரே விதி பொருந்தாது. நம் துறைகள் சிறியவை. பெயரை மறைத்தாலும் கையெழுத்தும், பிடித்த சொற்றொடரும், எப்போதும் மேற்கோள் காட்டும் நூலும் ஆளைக் காட்டிவிடும். பங்கேற்பாளரின் நெறியாளரே அந்த அறிக்கையை எழுதியவராக இருக்கலாம். ஆகவே உயிரோடு இருப்பவர்களின் கோப்புகளை அந்தத் துறைக்கு வெளியே உள்ளவர்தான் படிக்க வேண்டும். தமிழ் இதழின் கோப்பைச் சூழலியல் மாணவர் படிக்கட்டும். பெயருக்கும் குறியெண்ணுக்குமான பட்டியல் தனியாக, இதழாசிரியரிடமே இருக்கட்டும். நிறுவன அறநெறிக் குழுவின் ஒப்புதலும், 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பற்றிய ஒரு வகுப்பும் கோப்பைத் தொடுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

கணக்கு

இத்தனைக்கும் பிறகு எண்ணலாம். அறிக்கையின் ஒவ்வொரு வாக்கியத்தையும் வகைப்படுத்துங்கள்: சான்று கேட்கிறதா, முறையைக் குறை சொல்கிறதா, நடையைத் திருத்துகிறதா, மேற்கோள் சேர்க்கச் சொல்கிறதா. மேற்கோள் என்றால் யாருடைய நூலை என்றும் குறியுங்கள். மதிப்பாய்வாளர் தம் நூலையே சேர்க்கச் சொல்வது உண்டு. இருவர் தனித்தனியே வகைப்படுத்தி, பிறகு ஒப்பிட்டு, எங்கே வேறுபட்டார்கள் என்று பேச வேண்டும். வேறுபாடு இருந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. 2014இல் கணினி அறிவியலின் பெரிய மாநாடான நியூரிப்ஸ், வந்த கட்டுரைகளில் பத்தில் ஒரு பங்கை இரண்டு தனித்தனிக் குழுக்களிடம் கொடுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு இரு குழுக்களும் மாறுபட்ட முடிவையே தந்தன.

இந்திய மாணவர்களுக்கு இந்தக் கணக்கில் தனி அக்கறை இருக்கும். 2018இல் பூஷண் பட்வர்தனும் சகாக்களும் கரன்ட் சயின்ஸில், பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்து யுஜிசி பட்டியலில் ஏறிய இதழ்களின் ஒரு தொகுதியைப் பரிசோதித்து, மிகப் பெரும்பாலானவை தரமற்றவை என்று காட்டினார்கள். மதிப்பாய்வு உண்டு என்று அட்டையில் போட்டுக்கொள்ளும் இதழிடம் ஒரே ஒரு கட்டுரையின் கோப்பைக் காட்டச் சொல்லிக் கேட்கும் உரிமை கட்டுரை அனுப்புபவருக்கு உண்டு என்று நினைக்கிறேன். பெயர்களை மறைத்தே காட்டலாம்.

பயிலரங்கை ஐப்பசி கார்த்திகையில் வைக்காதீர்கள். மழைக்காலத்தில் பழைய தாளைத் திறப்பது அதற்குக் கேடு. தை மாசியில் வையுங்கள். கடைசி நாளில் பங்கேற்பாளர்கள் பார்த்த கோப்புகளுக்கெல்லாம் எண், காலம், உள்ளிருக்கும் தாள்கள், தாளின் நிலை ஆகியவற்றோடு தமிழில் ஒரு பட்டியல் எழுதி, இரண்டு படி எடுத்து, ஒன்றை இதழாசிரியரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டு, மற்றொன்றை இதழ் நடத்தும் நிறுவனத்தின் நூலகத்தில் சேர்த்துவிடுங்கள்.